படம் சாய்ந்தால், பச்சையானால், ஒன்பதாகத் தெரிந்தால்: மூலப் பட பைட்டுகளில் பிழை நீக்கும் வழிமுறை

பிஎன்ஜி, ஜேபெக் கோப்புகளுக்குத் தலைப்பகுதி உண்டு. அகலம், உயரம், நிற அமைப்பு எல்லாம் அதில் எழுதியிருக்கும். கேமரா சென்சாரிலிருந்தோ வீடியோ டிகோடரிலிருந்தோ நேராக வந்து விழும் பஃபரில் (நினைவகத்தில் கிடக்கும் வெறும் பைட் தொடரில்) அப்படி எதுவும் கிடையாது. அகலம், உயரம், ஒரு வரிக்கு எத்தனை பைட், ஒரு பிக்சலுக்கு எத்தனை பிட், சேனல்கள் எந்த வரிசையில், பைட்டுகள் எந்த வரிசையில் என்ற ஆறையும் நாம்தான் சொல்ல வேண்டும். ஆறில் ஒன்று தப்பினாலும் லைப்ரரி பெரும்பாலும் வாய் திறக்காது, ஏதோ ஒரு படத்தைக் காட்டிவிட்டுப் போய்விடும். ஆனால் அந்தப் படம் கெட்டிருக்கும் விதத்திலேயே எந்த எண் தப்பு என்ற விடை இருக்கிறது. அதனால் நிரலில் கை வைக்கும் முன் படத்தை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள்.

கீழே உள்ளவை பைதானில் நம்பை (NumPy), பில்லோ (Pillow), ஓப்பன்சிவி (OpenCV) என்ற மூன்று லைப்ரரிகளையும் வைத்து எழுதியவை. காரணங்கள் எந்த மொழிக்கும் பொதுதான்.

ரீஷேப் மறுக்கிறது: "இத்தனை பைட்டை இந்த வடிவத்தில் அடக்க முடியாது"

ரீஷேப் என்பது பைட் வரிசைக்கு உயரம், அகலம் என்று வடிவம் கொடுக்கும் நம்பை ஃபங்ஷன். அது மறுத்தால் நல்ல பிழை. தப்பை வாய்விட்டுச் சொல்கிறது. வடிவத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்காமல், பஃபரின் நீளத்தை அச்சிட்டுக் கணக்குப் போடுங்கள். 1920×1080 படமென்றால் சில எண்களை மனப்பாடமாக வைத்திருப்பது வசதி: 8 பிட் கறுப்பு வெள்ளை 20,73,600 பைட். என்வி12 அல்லது ஐ420 (வீடியோவில் வரும், நிறத்தைக் குறைத்து வைக்கும் அமைப்புகள்) என்றால் 31,10,400. ஒய்யூஒய்வி (YUYV) போன்ற 4:2:2 வகை (பக்கவாட்டில் மட்டும் நிறத்தைப் பாதியாக்குவது) 41,47,200. ஆர்ஜிபி 62,20,800. ஆல்ஃபாவும் (ஒளிபுகும் அளவு) சேர்ந்தால் 82,94,400. பாதிக் குழப்பம் இந்த ஒப்பீட்டிலேயே தீர்ந்துவிடும்.

எதிலும் பொருந்தாமல் மிச்சம் வந்தால் அந்த மிச்சத்தைப் பிரித்துப் பாருங்கள். ஓர் உதாரணம். 1366×768 திரையின் படம், 24 பிட் பிஎம்பி கோப்பு. அகலம் × உயரம் × 3 என்று பெருக்கினால் 31,47,264 வர வேண்டும். கோப்பின் அளவோ 31,48,854. அதிகப்படி 1590 பைட். இதில் 54 தலைப்பகுதி. மீதி 1536, அதாவது 768-இன் சரியாக இரண்டு மடங்கு. உயரத்தால் மீதியில்லாமல் வகுபடுகிறது என்றால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 2 பைட் சும்மா நிரப்பியிருக்கிறார்கள் என்று பொருள். பிஎம்பியில் ஒவ்வொரு வரியும் 4-இன் மடங்கில் முடிய வேண்டும். 1366 × 3 = 4098, அதை 4100 ஆக்கியிருக்கிறார்கள். ஒரு வரி தொடங்கும் இடத்திலிருந்து அடுத்த வரி தொடங்கும் இடம் வரையுள்ள இந்த 4100-க்குத்தான் ஸ்ட்ரைடு என்று பெயர். அகலமும் ஸ்ட்ரைடும் ஒன்றல்ல. இந்தத் துறையில் வரும் தலைவலிகளில் பெரும்பங்கு இவை இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருவது.

படம் சாய்ந்து, கிழிந்து தெரிகிறது

அதிகப்படி பைட்டுகளைக் கடைசியில் வெட்டிவிட்டு ரீஷேப்பைக் கட்டாயப்படுத்தியவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்கும். செங்குத்தாக நிற்க வேண்டிய கதவு, தூண் எல்லாம் கீழே போகப் போக ஒரு பக்கம் சாயும். வலப்பக்கம் சாய்ந்தால் நீங்கள் கொடுத்த வரி நீளம் உண்மையைவிடக் குறைவு. இடப்பக்கம் சாய்ந்தால் அதிகம். எவ்வளவு என்பதையும் படமே சொல்லும். 100 வரி இறங்குவதற்குள் தூண் 400 பிக்சல் நகர்ந்தால் ஒரு வரிக்கு 4 பிக்சல் பிழை.

சாய்வோடு வானவில் போல நிறமும் மாறி மாறி வந்தால் பிழை முழு பிக்சலாக இல்லை, ஒன்றிரண்டு பைட்டாக இருக்கிறது. மேலே சொன்ன பிஎம்பியில் வரிக்கு 2 பைட் விலகுவதால் மூன்று வரிக்கு ஒரு முறை சேனல்கள் சுற்றி வந்து சேரும். அதற்குள் படம் 2 பிக்சல் நகர்ந்திருக்கும்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் நம்பையின் ஃப்ரம்பஃபரில் ஆஃப்செட் (தொடங்கும் இடம்) 54 கொடுத்துப் படியுங்கள். பிறகு (768, 4100) என்று வடிவம் கொடுங்கள். அதன் பின் [:, :4098] என்று நிரப்பு பைட்டை வெட்டுங்கள். கடைசியில்தான் (768, 1366, 3). வெட்டும் முன்பே மூன்றாவது பரிமாணத்தைக் கொண்டுவர முயன்றால் 4100 மூன்றால் வகுபடாது, மறுபடி முதல் பிழைக்கே வந்து நிற்பீர்கள். 54 என்பதையும் நிரலில் கல்வெட்டாகப் பொறிக்க வேண்டாம். பட பைட்டுகள் எங்கே தொடங்குகின்றன என்பது பிஎம்பியின் 10-ஆவது பைட்டிலிருந்து நான்கு பைட்டில், லிட்டில் எண்டியனாக (சிறிய பைட் முதலில்) எழுதியிருக்கும். இத்தனைக்கும் பிறகு படம் தலைகீழாக இருந்தால் பயப்படாதீர்கள். பிஎம்பி கீழ் வரியிலிருந்து மேலே எழுதப்படுவதுதான் வழக்கம். தலைப்பகுதியில் உயரம் எதிர்மறை எண்ணாக இருந்தால் மட்டும் மேலிருந்து கீழ்.

ஸ்ட்ரைடு என்னவென்று எந்த ஆவணமும் சொல்லவில்லையா? பஃபரிடமே கேட்கலாம். அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் என்பதுதான் இதில் சூட்சுமம். பஃபரை இன்ட்16-க்கு (எதிர்மறையும் தாங்கும் 16 பிட் எண்) மாற்றி, அதையே சில பைட் தள்ளி வைத்துக் கழித்து, வித்தியாசத்தின் தனிமதிப்புக்குச் சராசரி எடுங்கள். தள்ளும் அளவை எதிர்பார்க்கும் வரி நீளத்திலிருந்து தொடங்கி 300 பைட் வரை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். சராசரி எந்த அளவில் பள்ளத்தில் விழுகிறதோ அதுதான் ஸ்ட்ரைடு. தேடலை 1-இலிருந்து தொடங்காதீர்கள். பக்கத்துப் பிக்சலும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பதால் அங்கே ஒரு பொய்ப் பள்ளம் கிடைக்கும்.

இதே நோய் எதிர்த் திசையிலும் வரும். நம்பையில் சரியாக இருக்கும் ஆர்ஜிபி படம் க்யூட்டி (Qt) என்ற திரை லைப்ரரியின் க்யூஇமேஜில் சாய்ந்து தெரிந்தால், வரி பைட் எண்ணிக்கையைக் கொடுக்காமல் விட்டிருப்பீர்கள். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு வரியும் 4-இன் மடங்கு என்று அது எடுத்துக்கொள்ளும். அகலம் 4-ஆல் வகுபடும் படங்களில் இந்தப் பிழை ஒளிந்தே கிடக்கும். 640×480-இல் சோதித்துவிட்டு "வேலை செய்கிறது" என்று கொடுத்த நிரல் 1366-இல் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

அகலமும் உயரமும் இடம் மாறியது

பில்லோவின் சைஸ் (அகலம், உயரம்). நம்பையின் ஷேப் (உயரம், அகலம், சேனல்). ஓப்பன்சிவியில் படத்தைப் பெறும்போது நம்பை மரபு, ரீசைஸுக்குக் கொடுக்கும்போது (அகலம், உயரம்). யாரைத் திட்டியும் பயனில்லை. இரண்டும் மாறினால் படம் 90 பாகை திரும்பித் தெரியும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். ரீஷேப்பில் மாறினால் திரும்பாது, துண்டு துண்டாக நறுக்கிய பட்டைகள்தான் கிடைக்கும். ரீசைஸில் மாறினால் படம் நசுங்கும். சதுரப் படத்தில் எந்த அறிகுறியும் இருக்காது, அதனால் சோதனைக்கு ஒருபோதும் 512×512 எடுக்காதீர்கள்.

ஒரு படம் ஒன்பது குட்டிப் படங்களாகத் தெரிகிறது

மூன்றுக்கு மூன்று கட்டத்தில், கறுப்பு வெள்ளையில், ஒரே படத்தின் ஒன்பது நகல்கள். முதன்முறை பார்ப்பவர் திகைத்துவிடுவார். நோய் ஒன்றுதான்: சேனல்கள் தனித்தனித் தட்டுகளாக அடுக்கப்பட்ட தரவை, பிக்சலுக்குப் பிக்சல் கலந்த தரவாகப் படித்திருக்கிறீர்கள். இயந்திரக் கற்றல் லைப்ரரியான பைடார்ச்சின் டென்சர்கள் (எண் அடுக்குகள்) (3, உயரம், அகலம்) என்ற வடிவில் இருப்பவை. அதை ரீஷேப் செய்து (உயரம், அகலம், 3) ஆக்கினால் பைட்டுகள் நகராது, அவற்றின் மேல் போட்ட கட்டம்தான் மாறும். சிவப்புத் தட்டின் மூன்று வரிகள் சேர்ந்து ஒரே வரியாகும், அதனால் பக்கவாட்டில் மூன்று நகல். சிவப்பு, பச்சை, நீலம் ஒன்றன் கீழ் ஒன்றாக வருவதால் மேலிருந்து கீழாக மூன்று. ஒன்பது.

வேண்டியது ரீஷேப் அல்ல, ட்ரான்ஸ்போஸ்: அச்சுகளின் வரிசை (1, 2, 0). பைடார்ச்சிலேயே செய்வதானால் பெர்மியூட். எண்ணிக்கை பொருந்திவிட்டது, பிழைச் செய்தி இல்லை என்பதாலேயே ரீஷேப் சரி என்று நம்பிவிடுகிறோம்.

முகம் நீலம், வானம் ஆரஞ்சு

சிவப்பும் நீலமும் இடம் மாறிவிட்டன. ஓப்பன்சிவி படிக்கும் படம் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வரும். பில்லோவும் வரைபட லைப்ரரியான மேட்பிளாட்லிப்பும் சிவப்பை முதலில் எதிர்பார்ப்பவை. மாற்றுவது ஒரு வரி வேலை. எங்கே மாற்றுகிறோம் என்பதுதான் கேள்வி. இரண்டு இடத்தில் மாற்றினால் மறுபடி பழைய நிறம். கோப்பைப் படித்த அடுத்த வரியில் ஒரு முறை, எழுதுவதற்கு முந்தைய வரியில் ஒரு முறை என்று வைத்துக்கொண்டு நடுவில் தொடாமல் இருப்பது நல்லது.

[..., ::-1] என்று திருப்பினால் படம் சரியாகத் தெரியும். ஆனால் அதன் மேல் ஓப்பன்சிவியில் கோடு வரையப் போனால் "லேஅவுட் பொருந்தவில்லை" என்று பிழை வரலாம். பைடார்ச்சுக்கு அனுப்பினால் எதிர்மறை ஸ்ட்ரைடு செல்லாது என்று மறுத்துவிடும். காரணம், அந்தக் குறியீடு பைட்டுகளை நகர்த்தவில்லை, பின்னாலிருந்து படிக்கச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். அஸ்கண்டிகுவஸ்அரே என்ற நம்பை ஃபங்ஷனில் ஒருமுறை போட்டு எடுத்தால் உண்மையிலேயே புதிய வரிசையில் நகல் கிடைக்கும்.

பச்சைத் திரை, பச்சைப் பட்டை, நிறம் மட்டும் கீழே இறங்கிய படம்

மூன்றும் வீடியோ ஃபிரேம்களில் வருபவை. ஒளி ஒரு தட்டிலும் நிறம் பாதி அளவில் இன்னொரு தட்டிலும் இருக்கும் அமைப்பு. நிறத் தட்டில் நடுநிலை என்பது 0 அல்ல, 128. பஃபர் முழுக்கச் சுழியமாக இருந்தால் கறுப்பு வராது. ஒளியையும் நிறத்தையும் ஆர்ஜிபி ஆக்கும் மாற்றுச் சூத்திரத்தில் சுழியங்களைப் போட்டுப் பாருங்கள், சிவப்பும் நீலமும் எதிர்மறையாகி 0-வில் நிற்க, பச்சை மட்டும் ஏறக்குறைய 135-க்கு ஏறும். ஆகவே முழுப் பச்சை என்றால் தரவு இன்னும் வந்து சேரவே இல்லை. டிகோடர் முடிக்கும் முன் பஃபரைப் படித்திருக்கிறீர்கள், அல்லது நகலெடுக்க மறந்திருக்கிறீர்கள்.

நிறம் உருவத்தோடு ஒட்டாமல் 16 வரி கீழே இறங்கியும், மேலே ஒரு மெல்லிய பட்டை வேறு நிறத்திலும் இருந்தால் உயரத்தில் நிரப்பு வரிகள் இருக்கின்றன. பல வன்பொருள் டிகோடர்கள் உயரத்தை 16-இன் மடங்காக்கும். 1080 அப்போது 1088 ஆகிவிடும். நிறத் தட்டு 1920 × 1080-ஆவது பைட்டில் அல்ல, 1920 × 1088-ஆவது பைட்டில் தொடங்குகிறது. நீங்கள் இடையிலுள்ள 8 வெற்று வரிகளையும் நிறமென்று படித்துவிட்டீர்கள். நிறத் தட்டின் ஒரு வரி படத்தின் இரண்டு வரிகளுக்குச் சேர்ந்தது என்பதால் 8 வரிப் பிழை 16 வரியாகத் தெரிகிறது. மொத்த அளவு 31,10,400-க்குப் பதில் 31,33,440 என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

உருவம் கச்சிதம், முகம் மட்டும் நீலம் என்றால் என்வி12-ஐ என்வி21 என்று படித்திருக்கிறீர்கள். இரண்டிலும் வித்தியாசம் நிற பைட் ஜோடியின் வரிசை மட்டும். ஆண்ட்ராய்டின் பழைய கேமரா முறை இயல்பாகக் கொடுப்பது என்வி21. கறுப்பு சாம்பலாக வெளுத்திருந்தால், 16 முதல் 235 வரை மட்டும் பயன்படுத்தும் வீடியோ ஒளி அளவை 0 முதல் 255 என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

வெளிச்சம் கூட்டினால் வானம் கறுத்துப் புள்ளி புள்ளியாகிறது

8 பிட் எண் 255-ஐத் தாண்டினால் மறுபடி 0-விலிருந்து எண்ணத் தொடங்கும். 200-உம் 100-உம் கூடினால் 44. இரண்டு படங்களின் சராசரி வேண்டுமென்று கூட்டி இரண்டால் வகுத்தால் 200, 180 இரண்டின் சராசரி 190-க்குப் பதில் 62 வரும். வகுப்பதற்கு முன்பே கூட்டல் சுற்றிவிட்டது. கழித்தலிலும் அப்படியே: 10-இல் 12 போனால் 254. இரண்டு ஃபிரேம்களைக் கழித்து அசைவு கண்டுபிடிக்கும் நிரலில் அசையாத சுவர் மின்னினால் இதுதான். அங்கே ஓப்பன்சிவியின் ஆப்ஸ்டிஃப் போடுங்கள். மற்ற கணக்குகளுக்கு இன்ட்16 அல்லது ஃப்ளோட்32-க்கு மாற்றி, கணக்கை முடித்து, ரவுண்ட் செய்து, 0–255-க்குள் கிளிப் செய்து, அதன் பிறகே யூஇன்ட்8 (எதிர்மறையில்லாத 8 பிட் எண்). கிளிப் இல்லாமல் ஃப்ளோட்டை யூஇன்ட்8-க்கு மாற்றினால் 255-க்கு மேற்பட்ட மதிப்புக்கு என்ன வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

ஓப்பன்சிவியின் ஆட் ஃபங்ஷன் 255-இல் நின்றுவிடும், சுற்றாது. ஆனால் அதில் வேறொரு பொறி இருக்கிறது. வண்ணப் படத்தோடு 50 என்ற தனி எண்ணைக் கூட்டச் சொன்னால் முதல் சேனலில் மட்டும் கூட்டும். படம் வெளுக்காமல் நீலம் பூசிக்கொண்டால் காரணம் இதுவே. (50, 50, 50, 0) என்று கொடுக்க வேண்டும்.

பல ஆண்டு ஓடிய நிரல் நம்பையைப் புதுப்பித்ததும் கெட்டதா? 2024 ஜூனில் வந்த நம்பை 2.0-இல் எண் வகை விதிகள் மாறின. முன்பு ஒற்றை யூஇன்ட்8 மதிப்பு 200-உடன் சாதாரண 100-ஐக் கூட்டினால் 300 வந்தது. இப்போது எச்சரிக்கையுடன் 44 வரும். யூஇன்ட்8 அரேயோடு 300-ஐக் கூட்டினால் முன்பு தானாகவே 16 பிட்டுக்கு ஏறிக்கொண்டது, இப்போது ஓவர்ஃப்ளோ பிழை எழும்பும். ஒவ்வொரு பிக்சலாக எடுத்துக் கணக்குப் போடும் பழைய நிரல்கள்தான் அதிகம் அடிபடும்.

திரையில் நன்றாக இருக்கிறது, சேமித்தால் கறுப்பு

காட்டும் கருவி நமக்குத் தெரியாமல் உதவி செய்துகொண்டிருக்கிறது. ஓப்பன்சிவியின் இம்ஷோ, ஃப்ளோட் படம் வந்தால் 255-ஆல் பெருக்கிக் காட்டும், 16 பிட் படம் வந்தால் 256-ஆல் வகுத்துக் காட்டும். இம்ரைட் அந்த உபகாரத்தைச் செய்யாது. 0-வுக்கும் 1-க்கும் இடைப்பட்ட மதிப்புகள் எல்லாம் 0 அல்லது 1 ஆகி பிஎன்ஜியில் கறுப்பாகப் போய் உட்காரும். மேட்பிளாட்லிப் இன்னும் ஒருபடி மேல்: ஒற்றைச் சேனல் படமென்றால் குறைந்த மதிப்பு முதல் கூடிய மதிப்பு வரை தானே இழுத்து நிரப்பிவிடும். எதையும் கண்ணால் நம்பாமல் மின், மேக்ஸ், டிடைப் (எண் வகை) மூன்றையும் அச்சிடுங்கள். சேமிக்கும் முன் 255-ஆல் பெருக்குவது நம் பொறுப்பு.

16 பிட் பிஎன்ஜியைப் படித்தும் 8 பிட்டே கிடைத்தால், அல்லது ஆல்ஃபா காணாமல் போனால், இம்ரீடில் "அன்சேஞ்ச்டு" கொடியைக் கொடுக்கவில்லை. கொடி இல்லையென்றால் அது எல்லாவற்றையும் 8 பிட், மூன்று சேனலாக்கித்தான் தரும். இம்ரீட் எதுவுமே தராமல் நன் (None) என்று திருப்பினால் பாதை தப்பு. விண்டோஸில் கோப்பின் பெயரையோ ஃபோல்டரின் பெயரையோ தமிழில் வைத்திருந்தாலும் இதே கதிதான். நம்பையின் ஃப்ரம்ஃபைல் மூலம் பைட்டுகளைப் படித்து இம்டிகோடில் கொடுத்தால் "பொங்கல் படங்கள்" ஃபோல்டரும் திறக்கும்.

சென்சார் தரவு: கறுப்பு, கோடு, கட்டம், ஊதா நிழல்

இங்கேதான் ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து பிழைகள் அடுக்கிக்கொண்டு வரும். வரிசையாகக் கழற்ற வேண்டும்.

முதலில் பிட்டுகள். 10 பிட் மதிப்பை 16 பிட் பெட்டியில் போட்டுத் தந்தால் உச்சமே 1023. 65,535-இல் அது ஒன்றரை சதவீதம், படம் கறுப்பாகத்தான் இருக்கும். 64-ஆல் பெருக்கினால் தெரியும். ஆனால் சில கேமராக்கள் ஏற்கனவே இடப்பக்கம் தள்ளித் தருகின்றன, சிலவற்றில் பைட்டுகளே இடம் மாறியிருக்கும். மூன்றில் எது என்று ஒரே கணக்கில் பிரித்துவிடலாம்: வெளிச்சமான பகுதியுள்ள ஒரு ஃபிரேமின் எல்லாப் பிக்சல்களையும் பிட்வைஸ் ஆர் செய்து (எங்காவது 1 வந்த பிட் 1 ஆகும்) ஒற்றை எண்ணாக்குங்கள். 1023 வந்தால் 10 பிட், வலப்பக்கம் ஒட்டியது. 65,472 வந்தால் 10 பிட், இடப்பக்கம். 65,283 வந்தால் 10 பிட், பைட் வரிசை தலைகீழ். 12 பிட்டுக்கு இவை முறையே 4095, 65,520, 65,295. பைட் வரிசை தப்பிய படத்தைக் கண்ணாலும் அடையாளம் காணலாம். மென்மையாக மாற வேண்டிய வானத்தில் வரைபட உயரக்கோடுகள் போலப் பட்டை பட்டையாக இரைச்சல் ஓடும். 255, 256 என்று அடுத்தடுத்திருந்த மதிப்புகள் 65,280, 1 என்று ஆகிவிடுவதே காரணம். பிஎன்ஜியும் பிஜிஎம்மும் 16 பிட்டில் பெரிய பைட்டை முதலில் எழுதுபவை, நம் கணினிகள் பெரும்பாலும் சிறியதை முதலில் வைப்பவை.

ஐந்து நெடுவரிசைக்கு ஒன்று இரைச்சலாக, படமும் பக்கவாட்டில் கால்பங்கு இழுபட்டுத் தெரிந்தால் அது நெருக்கி அடைத்த 10 பிட். ராஸ்ப்பெரி பை கேமராவின் இரண்டாம் பதிப்பில் உள்ள ஐஎம்எக்ஸ்219 சென்சாரை எடுத்துக்கொள்வோம். 3280×2464 பிக்சல். நான்கு பிக்சல் ஐந்து பைட்டில் அடங்கும்: முதல் நான்கு பைட்டில் ஒவ்வொரு பிக்சலின் மேல் 8 பிட், ஐந்தாவதில் நான்கின் கீழ் 2 பிட்டுகளும், முதல் பிக்சலுடையது கீழ்க்கோடி இரண்டு பிட்டில். ஒரு வரிக்கு 4100 பைட், அதை 32-இன் மடங்காக்கி 4128. ஆக, ஒரு வரிக்கு 4128 என்று வடிவம் கொடுத்து, 4100-இல் வெட்டி, (2464, 820, 5) ஆக்குங்கள். அடுத்த படி பலர் சறுக்கும் இடம்: இடப்பக்கம் 2 பிட் தள்ளுவதற்கு முன் யூஇன்ட்16 ஆக்கிவிட வேண்டும். யூஇன்ட்8-ஆகவே தள்ளினால் மேல் இரண்டு பிட்டும் விழுந்துவிடும், பிரகாசமான இடங்கள் கந்தலாகும். அவசரமாக ஒரு பார்வை பார்த்தால் போதுமென்றால் ஐந்தாவது பைட்டைத் தூக்கி எறியுங்கள். மீதமுள்ளதே நல்ல 8 பிட் படம். ஸ்ட்ரைடு, உயரம், பிட் எண்ணிக்கை சரியா என்று உறுதிசெய்ய இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

இப்போது படம் தெரிகிறது, ஆனால் உருப்பெருக்கினால் சதுரங்கக் கட்டம். பிழையல்ல. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே நிறத்தைத்தான் பார்க்கிறது. 2×2 கட்டத்தில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். எந்த மூலையில் எது என்று தெரியாவிட்டால் [0::2, 0::2], [0::2, 1::2], [1::2, 0::2], [1::2, 1::2] என்று நான்கு கால் அளவுப் படங்களாகப் பிரியுங்கள். மூலைவிட்டத்தில் எதிரெதிராக இருக்கும் எந்த இரண்டு ஏறக்குறைய ஒன்றோ அவை பச்சை. ஒரு தக்காளியைப் படம் பிடித்திருந்தால் மீதி இரண்டில் அது வெளுத்துத் தெரிவது சிவப்பு.

ஓப்பன்சிவியின் டிமொசைக் (ஒற்றை நிறப் புள்ளிகளிலிருந்து முழு நிறம் கட்டுவது) பெயர்கள் இங்கே காலை வாரும். அதன் பழைய பெயரிடலில் இரண்டாம் வரியின் இரண்டாம், மூன்றாம் புள்ளிகளை வைத்துப் பெயர். எனவே சென்சார் ஆவணம் ஆர்ஜிஜிபி என்று சொன்னால் ஓப்பன்சிவியில் "பேயர்பிஜி" தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய பதிப்புகளில் நான்கு எழுத்துப் பெயர்களும் உண்டு, அவற்றையே பயன்படுத்துங்கள். நிறம் சரியாக இருந்த படம் வெட்டிய பிறகு கெட்டால், ஒற்றைப்படை எண்ணிலிருந்து வெட்டியிருப்பீர்கள். ஒரு வரியும் ஒரு நெடுவரிசையும் நகர்ந்தால் சிவப்பும் நீலமும் மாறும். ஒன்று மட்டும் நகர்ந்தால் பச்சையின் இடத்தில் மற்றவை வந்து, விளிம்புகளில் புதிர்ப்பாதை போலக் கோலம் விழும்.

நிழல் எல்லாம் ஊதாவாக இருக்கிறதா? கறுப்பு மட்டத்தைக் கழிக்கவில்லை. இந்தச் சென்சார் முழு இருட்டிலும் 0 தராது, 64 தரும். வெள்ளைச் சமன் செய்ய சிவப்பையும் நீலத்தையும் இரண்டு மடங்காக்கினால் இருட்டில் அவை 128, பச்சை 64-லேயே நிற்கும், கலந்தால் ஊதா. முதலில் கழித்து, பிறகுதான் பெருக்க வேண்டும். யூஇன்ட்16-இல் கழித்தால் இரைச்சலால் 63 ஆக இருந்த புள்ளி 65,535 ஆகி இருட்டில் வெள்ளைப் பொட்டாக மின்னும். இன்ட்32-க்கு மாற்றிக் கழித்து, 0-வுக்குக் கீழே போனதை 0 ஆக்குங்கள். இதற்கு நேர் எதிராக, வெளிச்சமான மேகம் இளஞ்சிவப்பாக இருந்தால் வெள்ளைச் சமனுக்குப் பின் மூன்று சேனலையும் ஒரே உச்சத்தில் வெட்டவில்லை. எல்லாம் சரியாகியும் படம் மங்கலாக இருந்தால் காமா (கண்ணுக்கேற்ப நடு ஒளியை உயர்த்தும் வளைவு) பாக்கி. 0–255 அளவில் 18 சதவீதச் சாம்பல் நேரியல் தரவில் 46, எஸ்ஆர்ஜிபி வளைவுக்குப் பிறகு 118. இதை நினைவில் வைத்தால் இருட்டான படத்தைப் பார்த்து எக்ஸ்போஷரைக் குறை சொல்ல மாட்டீர்கள்.

டிஎன்ஜி போன்ற மூலக் கேமரா கோப்புகளை ராபை (rawpy) லைப்ரரியில் திறப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ரா_இமேஜில் படத்தைச் சுற்றியுள்ள ஓரப் புள்ளிகளும் சேர்ந்து வரும், அகலம் கூடுதலாகத் தெரிவது அதனால். ரா_இமேஜ்_விசிபிள் எடுங்கள். இரண்டாவது, அது நகல் அல்ல. கோப்பை மூடிய பிறகு அதைத் தொட்டால் குப்பை வரும், சில சமயம் நிரலே விழுந்துவிடும். மூடும் முன் காப்பி எடுத்துவிடுங்கள்.

எழுத விடவில்லை, அல்லது எழுதாத படமும் மாறுகிறது

"ரீட் ஒன்லி" என்று நம்பை மறுத்தால், ஃப்ரம்பஃபர் மாற்றக் கூடாத பைட்ஸ் பொருளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. காப்பி எடுங்கள். நேர்மாறாக, ஒரு பகுதியை வெட்டி அதில் வரைந்தால் முழுப் படத்திலும் கோடு விழுகிறதென்றால், வெட்டிய துண்டும் அதே நினைவகத்தில்தான் இருக்கிறது. சந்தேகமிருந்தால் ஷேர்ஸ்மெமரி கேட்டால் சொல்லிவிடும்.

முகத்தைக் குறிக்க வரைந்த பெட்டிகள் முகத்தில் விழாமல் காற்றில் நிற்கின்றன

கைப்பேசிப் படங்களில் மட்டும் வந்தால் எக்ஸிஃப் திசைக்குறி (படத்தை எந்தப் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும் என்று கோப்பிலுள்ள குறிப்பு) காரணம். ஓப்பன்சிவி அதைப் படித்துத் திருப்பித் தரும், பில்லோ தானாகத் திருப்பாது. ஒன்றில் குறித்து மற்றொன்றில் வரைந்தால் ஒட்டாது. பில்லோவின் எக்ஸிஃப்_ட்ரான்ஸ்போஸை முதல் வேலையாகச் செய்துவிடுங்கள். மாஸ்க் படங்களை (எந்தப் பிக்சல் வேண்டும், வேண்டாம் என்று 255, 0-ஆல் குறிப்பவை) ஜேபெக்கில் சேமித்தால் 0, 255 தவிர வேறு மதிப்புகள் விளிம்பில் முளைக்கும், அதற்கு பிஎன்ஜிதான்.

மேல் வரிகள் சுத்தம், கீழே போகப் போகக் கந்தல், அளவும் கொஞ்சம் கூடியிருக்கிறது

ஸ்ட்ரைடு பிழை என்றால் முதல் வரியிலிருந்தே ஒரே சீராகச் சாயும். இது அப்படியில்லை. திடீர் திடீரென்று ஒரு பைட் நழுவி, ஒவ்வொரு நழுவலிலும் நிறம் சுற்றும். விண்டோஸில் சி நிரல் கோப்பை உரை முறையில் திறந்து எழுதியிருக்கிறது. மதிப்பு 10 வரும் இடமெல்லாம் முன்னால் ஒரு 13 நுழைந்துவிட்டது. ஏறக்குறைய 256 பைட்டுக்கு ஒன்று என்று அளவு கூடியிருந்தால் இதுவேதான். பிஎன்ஜி கோப்பின் முதல் எட்டு பைட் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்று இருப்பதே இந்த விபத்தை உடனே காட்டிக்கொடுக்கத்தான். எழுதும்போது கெட்ட மூல பைட்டுகளை மீட்கலாம்: 13, 10 என்ற ஜோடி வரும் இடமெல்லாம் 10 என்று மாற்றுங்கள். உண்மையாகவே 13, 10 இருந்த இடம் 13, 13, 10 ஆகியிருக்கும் என்பதால் அதுவும் சரியாகவே திரும்பி வரும். உரை முறையில் படித்ததால் கெட்டதென்றால் எந்த 10-க்கு முன் 13 இருந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. கோப்பு வட்டில் அப்படியே இருக்கும், பைனரி முறையில் மறுபடி திறந்து படியுங்கள்.